ஓட்டை போடுகிற ஊரில் ஒரு படகு

எங்கள் ஊரில் எந்தச் சாமானையும் அடியில் ஓட்டை போடாமல் வெளியே வைக்க மாட்டோம். தேவாலா மழையில் நனைந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஜூனில் பிடித்தால் ஓணம் கழிந்தும் விடாது. பூந்தொட்டி, பழைய பக்கெட், மூலையில் கிடக்கிற அண்டா, ஜீப்பில் கால் வைக்கிற தகரம் என்று எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் ஓட்டை உண்டு. சொந்தச் சாமானுக்கு மட்டும்தான் என்றில்லை. பக்கத்து வீட்டு வாசலில் ஏதாவது ஒன்றில் தண்ணீர் தேங்கி நின்றால், ஆணியை வைத்து ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் மேலே நடப்போம். அதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. இந்த ஊருக்குத்தான் என் வீட்டுக்காரர் ஒரு பாய்மரப் படகைக் கொண்டுவந்தார்.

அவர் கொச்சியில் ஒரு படகுப் பட்டறையில் முப்பது வருஷம் ஃபைபர் வேலை பார்த்தவர். உடைந்த படகுகளுக்கு அடியில் படுத்துக்கொண்டு தேய்ப்பது, ஒட்டுவது, பூசுவது. மாதத்துக்கு ரெண்டு நாள் லீவில் வருவார். மற்ற நாளெல்லாம் நானும் மகளும்தான். நான் தையல்காரி. ஜாக்கெட், பாவாடை, கொழுந்து பறிக்கிற பெண்கள் மழைக்கு இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்கு, எது வந்தாலும் தைப்பேன். மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்த வருஷம்தான் அவருக்கு அறுபது முடிந்தது. “இனி அங்கயே வந்துடறேன்” என்று போன் பண்ணினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “ஒரு சாமான் கொண்டாறேன், வாசலைக் கொஞ்சம் ஒதுக்கி வெய்யி” என்றார். வாஷிங் மெஷின் என்று நினைத்துக் கோழிக்கூண்டை மட்டும் நகர்த்தி வைத்தேன்.

வந்தது இருபத்தேழு அடிப் படகு. யாரோ ஒரு வெள்ளைக்காரர் உலகம் சுற்ற வந்தவர், அதைப் பட்டறையில் ஏற்றிவிட்டு ஊருக்குப் போனார், திரும்பவே இல்லையாம். வருஷக்கணக்காக மூலையில் கிடந்ததை அறுத்துப் போடப் போகிறார்கள் என்றதும் இவருக்கு மனசு கேட்கவில்லை. “நான் எடுத்துக்கறேன்” என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் மாற்றிச் சொல்ல அவருக்கு வாய் வராது.

நிலம்பூர் வழியாக லாரி ஏறி வந்திருக்கிறது. நாடுகாணி செக்போஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் கொண்டுவரக் கூடாது. தண்ணீர் பாட்டிலையே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அங்கிருந்த காவலர் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, விரல் கணுவால் தட்டிப் பார்த்தாராம்.

“இது பிளாஸ்டிக் தானுங்களே?”

“ஃபைபருங்க.”

“ஃபைபர்னா?”

“கண்ணாடி நாருங்க. அதுமேல ரெசின் ஊத்தி இறுக வெப்பாங்க.”

“ரெசின்னா பிளாஸ்டிக்தானுங்களே?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவர் ரொம்ப நேரம் யோசித்து, “ஒரு வகையில ஆமாங்க” என்றிருக்கிறார். லாரி டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாராம். காவலரும் நல்ல மனுஷர்தான், அவரும் யோசித்தார். “ஒரு தடவை யூஸ் பண்ணித் தூக்கிப் போடறதுங்களா, திரும்பத் திரும்ப யூஸ் பண்றதுங்களா?” என்று கேட்டார். நாற்பது வருஷப் பழசு என்று தெரிந்த பிறகுதான் குறுக்குக் கம்பியைத் தூக்கினார்கள். அதுவும் ஒரு நிபந்தனையோடு. வேலை முடிந்ததும் மறுபடி மலைக்குக் கீழே கொண்டுபோய்விட வேண்டும், காட்டோரம் எறிந்துவிட்டுப் போகக் கூடாது.

ஜேசிபி வைத்து வாசலில் இறக்கினார்கள். படகின் அடிவயிற்றில் ஆள் உயரத்துக்கு ஒரு கனத்த இரும்பு இறங்கியிருந்தது. கடலில் கவிழாமல் இருக்க அதுதான் பாரமாம். அதனால் சுற்றிலும் சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. அப்படி நின்றபோது அது எங்கள் ஓட்டு வீட்டைவிட உயரம். பாய்மரத்தைத் தனியாகக் கழற்றி கூரை இறவாணத்தோடு சேர்த்துப் படுக்க வைத்தார். அது வீட்டைத் தாண்டி ரோட்டுக்கு நாலடி நீட்டிக்கொண்டு நின்றது. கூடலூர் பஸ் கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “ஏனுங்க, இந்த ஊட்டை ரிவர்ஸ் எடுங்க” என்று கத்தினார். நான் ஒரு சிவப்புப் பாவாடைத் துணியைக் கிழித்து மரத்தின் நுனியில் கட்டிவிட்டேன்.

மறுநாளே டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள், இதை வைத்து என்ன பண்ணப் போகிறீர்கள் என்று. “கொழும்பு வரைக்கும் போய்ட்டு வரலாம்னு இருக்கேன்” என்றிருக்கிறார். அவ்வளவுதான். எங்கள் பக்கம் பாதிப் பேர் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அட்டனில் பெரியப்பா மகன், நுவரெலியாவில் அத்தை பேத்தி என்று ஆளாளுக்கு அட்ரஸ் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தர் ஊறுகாய் ஜாடி கொண்டுவந்து வைத்தார். இன்னொருத்தர் கல்யாணப் பத்திரிகை கொடுத்தார்; கல்யாணம் அடுத்த மாசம். எல்லாவற்றையும் வாங்கிப் படகுக்குள் அடுக்கிக்கொண்டார். போன் இருக்கிற காலத்தில் எதற்கு இதெல்லாம் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் அந்த ஜாடியைக் கண்டாலே பயம்.

ஏனென்றால் அவர் போய்விடுவார். முப்பது வருஷம் ஒரு புருஷனை மாதத்துக்கு ரெண்டு நாள் பார்த்தவள் நான். “உனக்குத்தான் பழகிப்போச்சே” என்பார்கள் எல்லோரும். ஒன்றும் பழகவில்லை. அவர் பஸ் ஏறுகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சோறு இறங்காது. இப்போதுதான் ஒரேயடியாக வந்திருக்கிறார், வந்த அன்றே போவதற்கு வண்டியும் கொண்டுவந்திருக்கிறார். இந்தப் படகு மிதந்தால் இவர் நம் கையில் இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தோன்றிவிட்டது.

நல்லவேளை, அது மிதக்கிற நிலையில் இல்லை. மேல்தளத்துப் பலகை உளுத்துப்போய், நடந்தால் கால் உள்ளே போனது. ஜன்னல் ரப்பரெல்லாம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடிப்பாகத்தில் அம்மை போட்ட மாதிரி கொப்புளங்கள். அவர் ஒவ்வொரு கொப்புளமாக உடைத்துத் தேய்த்து, கண்ணாடித் துணியை ஒட்டி ரெசின் பூசினார். ரெசின் காயவில்லை. கொச்சியில் ஒரு மணி நேரத்தில் இறுகுவது எங்கள் ஈரத்தில் மூணு நாள் ஆகியும் அல்வா பதத்தில் இருந்தது. என் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு கையால் குடை பிடித்துக்கொண்டு, மறு கையால் படகுக்கு இஸ்திரி போட்டார். அதன் பிறகு அந்தப் பெட்டியை எந்தத் துணி மேல் வைத்தாலும் ஒட்டிக்கொண்டது. டாக்டர் வீட்டம்மாவின் பட்டு ஜாக்கெட் ஒன்று அதில் போயிற்று.

படகுக்குள் அட்டை குடிவந்தது. கோழி ஏறி அடைகாத்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் உள்ளேயிருந்து, “மெதுவாப் பேசு, முட்டை பொரியற நேரம்” என்று பதில் வரும். மத்தியானத் தூக்கம்கூட அதற்குள் இருந்த ஒண்டிக்கட்டிலில்தான். சரிதான், மனுஷர் மனசளவில் கடலுக்குப் போயாயிற்று என்று நினைத்துக்கொண்டு நான் மெஷினை மிதிப்பேன்.

அந்த முதல் மழைக்காலத்தில் படகு நிரம்பிவிட்டது. மேலே கட்டிய தார்ப்பாய் பை மாதிரி தொங்கி, ஒருநாள் கிழிந்து, மொத்தமும் உள்ளே இறங்கியது. இவர் ரெசின் வாங்கக் கோழிக்கோடு போயிருந்தார். வர ரெண்டு நாளாகும். அன்றைக்குப் பார்த்து கொசுப்புழு பார்க்கிற பெண் வந்தாள். ஏணி போட்டு ஏறி டார்ச் அடித்துப் பார்த்தவள், “அக்கா, உள்ள தவளையே இருக்குதுங்க” என்றாள். அவள் நோட்டில் டிரம், டயர், தேங்காய்த் தொட்டி, பூந்தொட்டி என்று கட்டம் கட்டமாக இருந்தது. படகுக்குக் கட்டம் இல்லை. கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, “பூந்தொட்டி, ஒண்ணு, பெருசு” என்று எழுதினாள். “நாளைக்கு வருவேன், காலியா இருக்கணுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் பக்கெட் வைத்து இறைத்தேன். இறைக்க இறைக்க மேலேயிருந்து ஊற்றியது. அரை நாள் இறைத்து முழங்கால் தண்ணீரை முழங்காலிலேயே நிறுத்தி வைத்தேன், அவ்வளவுதான். கோபம் தலைக்கேறிவிட்டது. கரண்ட்டும் இல்லை. அவருடைய கையால் சுற்றுகிற டிரில்லை எடுத்துக்கொண்டு படகுக்கு அடியில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தேன். தண்ணீர் எங்கே தேங்கும் என்று தேவாலாக்காரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருக்கிறதிலேயே தாழ்வான இடத்தில் வைத்துச் சுற்றினேன். மெஷின் மிதித்தும் துணி வெட்டியும் உரம் ஏறிய உடம்பு; கால் மணி நேரத்தில் பொத்துக்கொண்டது. பச்சைத் தண்ணீர் என் தலையில் கொட்டியது. தவளையும் வந்தது. அப்பாடா என்று எழுந்து, சேலையைப் பிழிந்துகொண்டு, திண்டாட்டம் தீர்ந்த சந்தோஷத்தில் டீ போட்டுக் குடித்தேன். பாதி டம்ளரில்தான் உறைத்தது, அது படகு என்று.

அவர் வந்தவுடன் சொல்லிவிடத்தான் நினைத்தேன், சத்தியமாக. அவர் நேராக ஏணியில் ஏறி உள்ளே பார்த்தார். “ஏம்புள்ள, மழை பேயலையா?” என்றார்.

“பேஞ்சுதுங்க, கொட்டோ கொட்டுன்னு.”

“ஒரு சொட்டுத் தண்ணி நிக்கல! பாத்தியா பாடியை! அந்தக் காலத்துப் பாடி!”

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் டீக்கடைக்குப் போய் அங்கேயும் சொல்லிவிட்டார். அப்புறம் பார்க்க வருகிறவர்களையெல்லாம் ஏணியில் ஏற்றி, “எவ்வளவு மழை, பாருங்க, ஒரு சொட்டு?” என்று காட்டினார். எல்லோரும் எட்டிப் பார்த்து, வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான் என்று தலையாட்டினார்கள். நான் வாசற்படியில் நின்றுகொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் எனக்குள் வேறொரு புத்தி புகுந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓட்டை இருக்கிற வரைக்கும் இது மிதக்காது. மிதக்காத வரைக்கும் இவர் இங்கேதான். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விளக்குப் பற்றவைக்கும்போது அந்த ஓட்டை அடைபடாமல் இருக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்டுக்கொண்டதும் உண்டு.

ஆனால் பாயை மட்டும் என்னால் கெடுக்க முடியவில்லை. மக்கி, எலி கடித்து, கரும்புள்ளி விழுந்த பாயைக் கொண்டுவந்து மெஷினில் போட்டார். முன் அறை முழுக்க விரித்தும் மிச்சம் வாசலுக்குப் போனது. ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய் மேல் நடந்து வந்தார்கள். தளர்வாகத் தைத்தால் காற்றில் கிழிந்துவிடும், இவர் போக மாட்டார் என்று தெரியும். கைக்கு அது வரவில்லை. ரெட்டைத் தையல், ஓரத்துக்குப் பட்டி, கிழிசலுக்குப் படங்குத் துணியில் ஒட்டு. எட்டு ஊசி உடைந்தது. முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது, அதற்காக என் மேலேயே எரிச்சலும் வந்தது.

இப்படியே நாலு வருஷம். ஒவ்வொரு வருஷமும் வெயில் காலத்தில் முடிந்துவிடும் என்பார். மழைக்கு முன்னால் வேறு ஒரு பழுதைக் கண்டுபிடிப்பார். நான் மூச்சு விடுவேன். இந்த மார்ச்சில் அடிப்பாகம் முழுக்கச் சிவப்புப் பெயிண்ட் அடித்தார். அதற்கு மேல் பழுது பார்க்க எதுவும் மிச்சமில்லை. டீக்கடையில் வேறு நச்சரித்துவிட்டார்கள். ஊறுகாய் கொடுத்தவர் ஜாடியாவது திரும்ப வேண்டும் என்றார். ஒருநாள் வந்து, “லாரி சொல்லியாச்சு. புதன்கிழமை பேப்பூர்ல தண்ணில எறக்கறோம்” என்றார். எங்களுக்குக் கிட்டத்திலிருக்கிற கடல் பேப்பூர்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் பக்கத்து வீட்டுத் தங்கச்சி வந்தாள். எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள், அவளுக்குப் படங்கு தைப்பது நான்தான். வேலைக்குப் போகாமல் வந்து நின்று கையைப் பிசைந்தாள்.

“அக்கா, ஏசாதீங்க. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

“என்ன?”

“போன வருசம் நீங்க ரெண்டு பேரும் திருப்பூர் போயிருந்தப்ப, உங்க படகுல தண்ணி ரொம்பி எங்க அடுப்படிப் பக்கம் வழிஞ்சிச்சி. நான்தான் எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி அடியில ஒரு ஓட்டை போடச் சொன்னேன்.”

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவள் பயந்துபோனாள். “பெரிய ஓட்டையாக்கா அது” என்றாள் அழுகிற குரலில். அப்புறம்தான் சிரிப்பு நின்றது. என் ஓட்டையே சுண்டுவிரல் அளவு, அதில் சருகு அடைத்துத்தான் படகு நிரம்பியிருக்கும். மேலே பெயிண்ட் மட்டும் மூடிய ரெண்டு ஓட்டையோடு இந்த மனுஷர் தண்ணீரில் இறங்கப் போகிறார். நீச்சல் தெரியுமா என்றுகூட நான் கேட்டதில்லை. போகாமல் இருக்க வேண்டும் என்றுதானே வேண்டிக்கொண்டேன், முங்கிப்போக வேண்டும் என்றா வேண்டினேன்! சொன்னால் ஓட்டையை அடைத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்விடுவார். சொல்லாவிட்டால் உயிரோடு திரும்ப மாட்டார். அன்று முழுக்க ஒரு ஜாக்கெட்டுக்கு மூணு கை வைத்துத் தைத்தேன்.

புதன்கிழமை லாரியில் முன்னால் அவரும் நானும். நாடுகாணி இறக்கம் முழுக்க வாயைத் திறந்தேன், மூடினேன். நிலம்பூரில் சாயா குடிக்க நிறுத்தியபோது, “ஏனுங்க” என்றேன். “ம்?” என்றார். “சர்க்கரை போதுங்களா?” என்று கேட்டுவிட்டு என்னையே திட்டிக்கொண்டேன்.

பேப்பூரில் ஆற்றங்கரைப் பட்டறையில் கிரேன் தயாராக நின்றது. அங்கே ஆட்களுக்குத் தலைவராக ஒரு மூப்பனார், பெரிய மரக்கப்பலையெல்லாம் தண்ணீரில் இறக்கிய ஆள், எல்லாம் அவர் பொறுப்பு. வயிற்றுக்கு அடியில் ரெண்டு பட்டை கொடுத்துப் படகைத் தூக்கினார்கள். அது அந்தரத்தில் ஆடியது. என் வீட்டுக்காரர் ஏற்கெனவே உள்ளே ஏறி நின்றுகொண்டிருந்தார். மூப்பனார் கையைக் காட்டினார், படகு தண்ணீரை நோக்கி இறங்கியது. அடி தண்ணீரைத் தொட ஒரு முழம்தான் இருந்தது.

“நிறுத்துங்க!” என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. “நிறுத்துங்க, அடியில ஓட்டை! நான்தான் போட்டேன்!”

கிரேன் நின்றது. கரையிலிருந்த முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். “எந்தா சேச்சி, எந்து பற்றி?” என்றார் மூப்பனார், என்ன ஆச்சு என்று. நான் அழுதுகொண்டே திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்த படகின் விளிம்பில் இவர் முகம் தெரிந்தது.

“எந்த ஓட்டை?” என்றார்.

“எந்த ஓட்டைன்னா?”

“மொத்தம் அஞ்சு இருந்துது புள்ள. மார்ச்சுல பெயிண்ட்டுக்குத் தேய்க்கறப்பப் பாத்தேன். எல்லாத்தையும் அடைச்சாச்சு.”

அஞ்சு! ரெண்டு கணக்கு எனக்குத் தெரியும். மிச்சம் மூணை யார் போட்டார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. கொசுப்புழுப் பெண் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. “தெரிஞ்சும் ஏன் கேக்கலை?” என்று கீழேயிருந்து கத்தினேன்.

“தேவாலாவுல எவன்கிட்டன்னு போய்க் கேக்கறது?”

“அப்பறம் எதுக்கு போன மாசம்கூடப் பாடி பாடின்னு பெருமை பேசினீங்க?”

“எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. மாத்திச் சொன்னா நல்லாவா இருக்கும்?” என்றார். மூப்பனார் கையைக் காட்டினார், படகு தண்ணீரில் உட்கார்ந்தது. ரெண்டு ஆட்டு ஆடிவிட்டு நின்றது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஐயோ, மிதந்துவிட்டதே என்று இருந்தது எனக்கு.

என்னையும் கை கொடுத்து ஏற்றினார்கள். ஆட்கள் பாய்மரத்தை நிமிர்த்தி மாட்டி, நான் தைத்த பாயையும் கோர்த்துவிட்டுக் கரைக்குப் போனார்கள். கரையோடு கட்டிய ஒரே ஒரு கயிறுதான் மிச்சம். மூப்பனார் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, “சேட்டா, அழிக்கட்டே?” என்று கேட்டார். அவிழ்க்கட்டுமா என்கிறார். இவர் படகின் பின்னால் இருந்த திருப்புகிற கட்டையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க, எல்லாரும் பாக்கறாங்க” என்றேன்.

“எனக்கு ஓட்டத் தெரியாது புள்ள.”

“என்னது?”

“பாய் எப்படி ஏத்தறது, காத்தை எப்படிப் புடிக்கறது, ஒண்ணும் தெரியாது. முப்பது வருசமும் அடியில படுத்துத் தேச்சவன் நானு. சரி பண்ணிக் குடுத்தா அவங்க ஏறிப் போய்டுவாங்க. என்னை எவன் ஏத்துனான்?”

“அப்ப கொழும்பு?”

“அது டீக்கடைல கேட்டாங்க. இவ்வளவு பெரிய படகை வாசல்ல நிறுத்திப்போட்டு எங்கயும் போகலைன்னா பைத்தியம்பாங்கல்ல, சொல்லிப்போட்டேன். அதுக்குள்ள ஊறுகாயைக் கொண்டாந்து குடுத்துட்டாங்க.”

நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கரையில் மலையாளிகள் நின்றார்கள், அவர்களுக்கும் புரியட்டும் என்றே திட்டினேன். “நாலு வருசமா நீங்க மறுபடி போய்டுவீங்கன்னு செத்துச் செத்துப் பொழைச்சேன்! மழையில ஓட்டை போட்டேன்! சாமிகிட்ட வேண்டிக்கிட்டேன்!”

“நான் எங்க போறேன்?” என்றார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

“அப்பறம் எதுக்குங்க இந்தச் சனியனைக் கட்டிக்கிட்டு மாரடிச்சீங்க?”

அவர் படகின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார், கோபமே இல்லாமல்.

“ஊட்டுக்குள்ள நான் எங்க இருக்கறது? முன் ரூம்ல உன்ற மெஷினு, துணி. உள் ரூம்ல கட்டிக் குடுத்த பாப்பாவோட சாமான். சமையக்கட்டுல நின்னா குறுக்க நிக்காதீங்கம்ப. லீவுல வர்றப்ப எல்லாம் என்ற பையை எங்க வெக்கறதுன்னு தெரியாம, கதவுக்குப் பொறத்தால மாட்டி வெச்சுட்டு அப்படியே எடுத்துட்டுப் போவேன். பட்டறைல ஒரேயடியாப் போகச்சொல்லி ஊருக்கு அனுப்பறாங்க, வந்து எங்க உக்கார்றது? வாசல்ல இது இருந்தா எனக்குன்னு ஒரு எடம் இருக்குமேன்னு நெனச்சேன்.”

பொய் என்று சொல்ல முடிந்தால் சொல்லியிருப்பேன். அந்த வீட்டில் அவருக்கென்று ஓர் ஆணிகூட இல்லை. இந்த நாலு வருஷத்திலும் அவர் சட்டைகள் கொச்சிப் பையிலேயேதான் இருந்தன. ராத்திரி நடையில் கோரைப்பாயை விரிப்பார், விடிந்ததும் சுருட்டி வைத்துவிடுவார். சுத்தமான மனுஷர் என்று நான் அதைப் பெருமையாகப் பக்கத்து வீட்டில் சொல்லியும் இருக்கிறேன். வெளியே போய்விடுவாரோ என்று பயந்தேனே தவிர, உள்ளே வந்தாரா என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

கரையில் மூப்பனார் இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். “வேண்டாங்க, கட்டியே இருக்கட்டும்” என்று அவரிடம் சொன்னேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பீடி பற்றவைக்கப் போனார். நான் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

“கட்டில் ஒண்ணு வாங்கலாம்” என்றேன். “எந்தப் பக்கம் போடறது, சொல்லுங்க.”

“எங்க போட்டாலும் சரிதான்.”

“அதெல்லாம் இல்ல. நீங்களே சொல்லுங்க.”

வெகு நேரம் யோசித்தார். எங்கள் வீட்டை மனதுக்குள் அறை அறையாகச் சுற்றி வருகிறார் என்று தெரிந்தது. கடைசியில், நான் மாட்டேன் என்று சொல்லிவிடுவேனோ என்பது போல மெதுவாகச் சொன்னார்.

“முன் ரூம்ல, ஜன்னலோரம்.”

ஜன்னலோரம்தான் என் மெஷின் இருக்கிறது. அந்த வீட்டில் பகல் வெளிச்சம் விழுகிற இடம் அது ஒன்றுதான். மழைக்காலத்தில் அதை விட்டு நகர்ந்தால் ஊசியில் நூல் கோர்க்க முடியாது.

“சரிங்க” என்றேன்.